மேனேஜரின் இடது முன்னங்கால்

மார்ச் 11, செவ்வாய்

காலையில் கிடங்கைத் திறக்கும்போது மேனேஜரைப் பாம்பு கடித்துவிட்டது. நல்ல பாம்பு. இடது முன்னங்காலில்.

எண்ணெய் மில்லில் கொடுத்த இந்த டைரியில் இதுவரை தேங்காய்ப் பருப்பு விலை, லாரி நம்பர் தவிர வேறெதுவும் எழுதியதில்லை. இன்றைக்கு எழுதத் தோன்றுகிறது. எழுத்து கோணலாக விழுவது, ஆஸ்பத்திரியில் அவனுக்கு மூச்சுப் பையை அழுத்திய கைவலியால். வேறொன்றும் இல்லை.

மேனேஜர் என் நாய். பொள்ளாச்சியிலிருந்து வந்த தேங்காய் லோடுக்குள் குட்டியாகக் கிடந்தவன். இறக்கியவர்கள் கணக்கில் சேர்க்காமல் விட்டார்கள், நான் சேர்த்துக்கொண்டேன். தேங்காய் உடைத்துக் காயப்போடுகிற என் களத்துக்கு வருகிறவனை மோந்து பார்த்து, பிடிக்காவிட்டால் தராசுப் பக்கமே விடமாட்டான். அதனால் அந்தப் பெயர். போனில் யாராவது "மேனேஜர்கிட்டப் பேசோணும்" என்றால், மேஸ்திரி பொன்னாத்தாள் போனை நாயின் காதில் வைப்பாள்.

நடந்தது இது. கிடங்குக்குள் முதலில் நுழைவது நான்தான். செருப்பை வாசலில் விட்டுவிட்டு வெறுங்காலோடு போய், லட்சுமி படத்துக்குச் சூடம் காட்டுவேன். அதன் பிறகுதான் பெண்கள் உள்ளே வருவார்கள். இந்தக் களத்தைத் தொடங்கிய நாளிலிருந்து அதுதான் முறை. இன்று ஒரு காலை நிலைப்படிக்கு மேல் தூக்கியிருந்தேன். மேனேஜர் என் முட்டியில் இடித்துக்கொண்டு முன்னால் பாய்ந்தான். படமெடுத்து நின்றதை நான் பார்த்தது அவன் கத்திய பிறகுதான்.

லோடு ஆட்டோவில் அவனைப் போட்டு நானே ஓட்டிக்கொண்டு காங்கேயம் கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போனேன். போகும்போதே கண் சொருகிவிட்டது. வாயில் நுரை. டாக்டர் நஸ்ரின் சின்ன வயசுக்காரி, அதட்டாமல் வேலை செய்கிற பெண். விஷமுறிவு ஊசியை ஏற்றிவிட்டு, தொண்டையில் குழாய் விட்டு, ஒரு ரப்பர் பையை என் கையில் கொடுத்தாள். "அவனால தானா மூச்சு விட முடியலம்மா. நீங்க அழுத்துங்க. நான் அடுத்த ஊசி போடணும். நிறுத்திடாதீங்க."

நிறுத்தவில்லை. நடுவில் எண்ணெய் மில்காரர் போன் செய்தார். தோளுக்கும் காதுக்கும் நடுவில் போனை இடுக்கிக்கொண்டு பேசினேன். விலையைக் குறைக்கப் பார்த்தார். விடவில்லை.

"ஏனுங்க, என்னமோ புஸ்ஸு புஸ்ஸுன்னு மூச்சு வாங்கற சத்தம் கேக்குதே?"

"எங்க மேனேஜருங்க."

"அவருக்கு என்னாச்சுங்க?"

"ஒடம்புக்குச் சொகமில்லைங்க. நீங்க வெலையச் சொல்லுங்க."

நான் கேட்ட விலைக்கே முடித்தார். நாய் பிழைக்குமா என்று டாக்டரைக் கேட்டேன். "நாளைக்குக் காலைல சொல்றேன்" என்றாள். சரக்கு பார்க்காமல் விலை சொல்லாதவர்களை எனக்குப் பிடிக்கும்.

மார்ச் 12, புதன்

தானாக மூச்சு விடுகிறான். நான் போனதும் ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டான். சம்பளம் கேட்க வந்தவனைப் பார்க்கிற மாதிரி.

மார்ச் 14, வெள்ளி

ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்தாயிற்று. களத்துக்கும் கிடங்குக்கும் நடுவில் இருக்கிற ஆபீஸ் தாழ்வாரத்தில் சாக்கு விரித்துப் படுக்கவைத்திருக்கிறேன். கால் பானை மாதிரி வீங்கியிருக்கிறது. தினமும் உப்புநீரில் கழுவி, மருந்து தடவிக் கட்ட வேண்டும். பொன்னாத்தாள் எட்டி நின்று பார்த்தாள். வேலை செய்கிற பெண்கள் யாரும் கிட்டே வரவில்லை.

மேசையையும் நாற்காலியையும் தாழ்வாரத்துக்கு எடுத்துப் போட்டுக்கொண்டேன். கிடங்குக்குள் போனில் சிக்னல் கிடைப்பதில்லை. வியாபாரத்துக்கு இதுதான் வசதி.

மார்ச் 15, சனி

பாம்பு பிடிக்கிறவர் தாராபுரத்திலிருந்து வந்தார். கிடங்கில் பாதி மூட்டைகளைப் புரட்டிப் பார்த்தார். கிடைக்கவில்லை.

"போயிருக்குமுங்களா?"

"போயிருக்கும்மா. போகாமயும் இருக்கும்."

இந்த மாதிரி பதிலுக்கு யார் வேண்டுமானாலும் பாம்பு பிடிக்கிறவர் ஆகலாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் பின்பக்கம் போய்ச் சுவரோரம் குனிந்தார். சாக்கடை ஓட்டைக்குப் பக்கத்தில் முட்டை ஓடு, காய்ந்துபோன பால் கிண்ணம், சுற்றிலும் எலிப் புழுக்கை.

"யாரும்மா இங்க முட்ட வெக்கறது? எலிக்கு விருந்து வெச்சிருக்கீங்க. விருந்துக்கு எலி வந்தா, எலியத் தேடிக்கிட்டு அவரு வரமாட்டாரா?"

எல்லோரும் பொன்னாத்தாளைப் பார்த்தார்கள். அவள் என்னைப் பார்த்தாள்.

"நாந்தானுங்க்கா வெச்சேன். வெள்ளிக்கெழமைக்கு வெள்ளிக்கெழம. வெளியவே பசியாறிட்டுப் போயிரட்டும், உள்ள வரவேண்டாம்னு வேண்டிக்கிட்டு வெச்சேன். நீங்க வெறுங்காலோட மொதல்ல போறீங்களேன்னு."

"இதயேன் எங்கிட்டச் சொல்லல?"

"சொன்னா வெக்க விட்டிருப்பீங்களா? கடிக்கறதுக்கு முந்தின வெள்ளிக்கெழம கல்யாணத்துக்குப் போயிட்டேன். வெக்காம விட்டுப்போச்சு. அதாங்க்கா அதுக்குக் கோவம்."

முட்டை வைத்ததால்தான் வந்தது என்று நான் சொல்லச் சொல்ல, வைக்காமல் விட்டதால்தான் கடித்தது என்று அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள். நன்றாகத் திட்டிவிட்டேன். அந்த ஓட்டையைச் சிமெண்ட் போட்டு அடைக்கச் சொன்னேன். இனிமேல் முட்டை வைத்தால் கூலியில் பிடிப்பேன் என்றும் சொன்னேன். எனக்காக வைத்தாள் என்பதற்காக விட்டுவிட முடியுமா?

மார்ச் 16, ஞாயிறு

காலின் தோல் கறுத்துவிட்டது.

மார்ச் 18, செவ்வாய்

டாக்டர் கறுத்த தோலை வெட்டி எடுத்தாள். உள்ளே சிவந்த சதை. நான் தலையைப் பிடித்துக்கொண்டேன். மேனேஜர் என் கையைக் கவ்வினான், கடிக்கவில்லை. வலிக்கும்போதும் முதலாளி யார் என்பது ஞாபகம் இருக்கிறது.

"விஷம் போயிடுச்சும்மா. ஆனா அது கெடுத்துட்டுப் போன இடம் ஆறணும். மாசக்கணக்கா ஆகலாம். கால எடுக்க வேண்டி வந்தாலும் வரும்."

"எடுக்கறதப் பத்தி அப்பறமாப் பேசிக்கலாங்க."

"நீங்களும் பூட்ஸ் போட்டுக்கிட்டுத்தான் கிடங்குக்குள்ள போகணும்."

திரும்பும் வழியில் முட்டி வரைக்கும் வருகிற ரப்பர் பூட்ஸ் வாங்கினேன். பெண்களுக்கு வெவ்வேறு அளவில், எனக்கு ஒரு ஜோடி. என்னுடையது வீட்டில் இருக்கிறது. கொஞ்சம் இறுக்கமாக இருக்கிற மாதிரி தெரிகிறது. மாற்ற வேண்டும்.

சூடம் காட்டுவதை இப்போது பொன்னாத்தாள் பார்த்துக்கொள்கிறாள். வாசலில் நின்றபடியே காட்டிவிட்டு வந்துவிடுகிறாள். எனக்கு நிலைப்படி ஏறினால் முட்டி வலிக்கிறது.

மார்ச் 21, வெள்ளி

கொழுந்தனார் சென்னியப்பன் வந்தார். என் வீட்டுக்காரரின் தம்பி. வீட்டுக்காரர் இறந்த பிறகு நான் மொபெட்டில் தோப்புத் தோப்பாகப் போய்த் தேங்காய் பேசியபோது, "பொம்பளைக்கு எதுக்கு இந்த வேல" என்றவர். களம் போட்டு நிமிர்ந்த பிறகு, "ரெண்டு பேரும் சேர்ந்து பண்ணலாமே" என்றவர். கெட்டவர் என்று சொல்லமாட்டேன். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்துத் தூற்றுகிறவர். நானும் அப்படித்தான் சம்பாதித்தேன். ஆனால் என் களத்தில் நான்தான் தூற்றுவேன்.

காபியைக் குடித்துவிட்டு ஆரம்பித்தார். எங்கள் பக்கம் அண்ணியை நங்கை என்றுதான் கூப்பிடுவார்கள்.

"நங்கை, நா ஒண்ணு சொன்னா கோவிச்சுக்கப்படாது. குறி கேட்டுட்டு வந்தேன். வந்தது உங்களுக்கு வந்ததாம். நாய் குறுக்கால பூந்து வாங்கிக்கிச்சாம்."

"அது எனக்கே தெரியுமே தம்பி. நாந்தான அங்க நின்னுக்கிட்டிருந்தேன். இதுக்கொரு குறியா?"

"முழுசாக் கேளுங்க. வாங்கிக்கிட்டது போயிரோணும். போக விடாம நீங்க ஊசியும் மருந்துமாப் புடிச்சு வெச்சிருக்கீங்க. அது கணக்கு முடியாம நின்னுக்கிட்டிருக்குது. திரும்ப ஆளத் தேடும்."

"யாரத் தேடும்?"

"உங்களைத்தான். இல்லாட்டி இங்க வேல செய்யற பொம்பளைகள்ல ஒருத்திய. நாயக் கொண்டுபோயிப் புத்துக் கோயல்ல உட்டுப்போடுங்க. ஆத்தா பாத்துக்குவா. ஒரு பூசையப் போட்டுட்டா எல்லாம் செரியாயிரும்."

களத்தில் பருப்பைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்த பெண்கள் கைகளை நிறுத்திக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்கள் காதில் விழத்தான் அவரும் சத்தமாகப் பேசினார்.

நானும் சத்தமாகவே சொன்னேன். "எனக்கு வந்ததை ஒருத்தன் வாங்கிக்கிட்டான். அவனக் கொண்டுபோயிக் காட்டுல உட்டுட்டு வான்னு எந்தச் சாமியாச்சும் சொல்லுமா? சொன்னா, அந்தச் சாமிய எங்கிட்ட நேர்ல வரச் சொல்லுங்க. மேனேஜரக் கேட்டுட்டு உள்ள விடறேன்."

மேனேஜர் தலையைத் தூக்கி ஒரு தரம் உறுமினான். அதற்கு மேல் அவனால் முடியவில்லை. கொழுந்தனாருக்கு அது போதும். எழுந்துவிட்டார்.

போகும்போது கிடங்கை எட்டிப் பார்த்தார். "இந்த எடம் உங்களுக்கு ராசியில்லைன்னாச் சொல்லுங்க நங்கை. நா எடுத்துக்கறேன்" என்றார். குறி எதற்குக் கேட்டார் என்பது அப்போதுதான் முழுசாகப் புரிந்தது.

மார்ச் 24, திங்கள்

கிடங்கிலிருந்த சரக்கையெல்லாம் விற்றுவிட்டேன். லாரியோடு வந்த ஆட்களே ஏற்றிக்கொண்டு போனார்கள். கிடங்கு காலி. தார்ப்பாய்கள் மட்டும் பின்மூலையில் மடித்துக் கிடக்கின்றன.

கொழுந்தனார் போன் செய்து, "வெல ஏறிக்கிட்டிருக்கறப்ப ஏன் வித்தீங்க?" என்றார். இறங்கப் போகிறது என்று எனக்குத் தோன்றுகிறது என்றேன். வியாபாரத்தில் மனசுக்குப் பட்டதைச் செய்ய வேண்டும்.

மார்ச் 25, செவ்வாய்

விலை இன்னும் ஏறியிருக்கிறது.

மார்ச் 26, புதன்

பெண்கள் ஒருவரும் வேலைக்கு வரவில்லை. பொன்னாத்தாள் மட்டும் கேட்டுக்கு வெளியே நின்று சொன்னாள்.

"நாய் இங்க இருக்கற வரைக்கும் வரமாட்டேங்கறாங்க்கா. ஊட்ல புள்ளகுட்டி இருக்குதுன்னு பயப்படறாங்க."

"அவிய வரமாட்டாங்களா, நீ வரமாட்டியா?"

அவள் தாழ்வாரத்தில் கிடந்த மேனேஜரையே பார்த்தாள்.

"என்னோட பத்து வருசமா இருக்கறவ நீ. காலிக் குடோனுக்கும் நொண்டி நாய்க்கும் பயந்துக்கிட்டு நிக்கற. பயந்தாங்கொள்ளிங்க நீங்க எல்லாரும். போ. பூட்ஸக் குடுத்துட்டுப் போ."

பூட்ஸை ஒவ்வொருத்தியும் கொண்டுவந்து கேட்டுக்குப் பக்கத்தில் வரிசையாக வைத்துவிட்டுப் போனார்கள். பார்க்க என்னமோ மாதிரி இருந்தது.

களத்தில் உடைத்துப் போட்ட பருப்பு அப்படியே காய்கிறது. வெள்ளகோவில் பக்கத்திலிருந்து ஒரு புருஷன் பெண்டாட்டியை வேலைக்குப் பிடித்திருக்கிறேன். பகலில் வந்து திருப்பிப் போட்டுவிட்டு மாலையில் பஸ்ஸுக்குப் போய்விடுவார்கள். மிச்சத்தை நானே பார்த்துக்கொள்வேன். தொடங்கும்போதும் தனியாகத்தானே தொடங்கினேன்.

மார்ச் 30, ஞாயிறு

டாக்டர் நஸ்ரின் வேறெங்கோ போகிற வழியில் களத்துக்கே வந்து பார்த்தாள். புண் சுருங்குகிறதாம். காலை எடுக்க வேண்டாமாம். ஆனால் மேனேஜர் அந்தக் காலைத் தரையில் வைக்கவே மாட்டேன் என்கிறான். மடக்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டு மூன்று காலில் குதிக்கிறான்.

"எலும்பு நல்லாருக்கு. நரம்பும் வேலை செய்யுது. வலியும் இப்ப பெருசா இருக்காது. ஊனாமயே விட்டா மடங்கினபடி இறுகிப்போயிடும். அவனுக்குப் பயம்மா. இந்தக் காலாலதான அன்னிக்கு உள்ள பாய்ஞ்சான்."

"பயமா? இவனுக்கா?"

"பயம் வந்தவங்க வெளிய காட்டிக்க மாட்டாங்க. நொண்டுவாங்க" என்று சிரித்தாள். என் முட்டி வலி எப்படி இருக்கிறது என்று கேட்டாள். மனுஷ டாக்டரைப் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். நாயைப் பார்க்க வந்தவளுக்கு என் முட்டி எதற்கு?

ஏப்ரல் 2, புதன்

கோழிக் கறித் துண்டைக் காட்டி ஊன்றவைக்கப் பார்த்தேன். மூன்று காலில் வந்து வாங்கிக்கொண்டு மூன்று காலில் போனான்.

ஏப்ரல் 4, வெள்ளி

அடைத்த சாக்கடை ஓட்டைக்கு முன்னால் ஒரு முட்டை. யார் வைத்தது என்று கேட்கத் தேவையில்லை. வேலைக்கு வரமாட்டாளாம், முட்டை வைக்க மட்டும் சுவரோரம் சுற்றிக்கொண்டு வருவாளாம். எடுத்து வேகவைத்து மேனேஜருக்குப் போட்டேன்.

ஏப்ரல் 9, புதன்

கோடை மழை. இப்போது ஓய்ந்துவிட்டது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

நாலு மணி சுமாருக்கு மேற்கே மேகம் கட்டியது. வெள்ளகோவில்காரர்கள் இன்றைக்கு வரவில்லை. களம் முழுக்கப் பருப்பு. இன்னும் ஒரு வெயில் பட்டால் மூட்டை பிடிக்கலாம் என்கிற பதம். நனைந்தால் பூசணம் பிடித்துவிடும், அப்புறம் எண்ணெய் மில்காரன் மூக்கைப் பொத்திக்கொண்டு விலை பேசுவான். தார்ப்பாய் கிடங்குக்குள் இருக்கிறது.

சாவியைப் போட்டுக் கதவைத் திறந்துவிட்டேன். உள்ளே இருட்டு. லைட் போடப் போனால் கரண்ட் இல்லை. நான் வாசலில் நின்றேன். கண் பழகட்டும் என்றுதான் நின்றேன்.

காற்று அடித்தது. முதல் சொட்டு விழுந்தது. அதற்குள் கேட்டில் சத்தம். மேகம் கட்டினால் யாருடைய களம் என்று பார்க்காமல் ஓடிவருவது இந்த ஊர்ப் பெண்களின் வழக்கம். சண்டை போட்டுக்கொண்டவள் களமாக இருந்தாலும் பருப்பை நனைய விடமாட்டார்கள். அந்தப் பழக்கத்தில் அத்தனை பேரும் ஓடிவந்துவிட்டார்கள். ஓடிவந்த பிறகுதான் மேனேஜர் ஞாபகம் வந்திருக்கிறது. கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டு தவிக்கிறார்கள்.

"அக்கா! தார்ப்பாய எடுத்துப் போடுங்க்கா! நனையுதுங்க்கா!"

"கத்திக்கிட்டு நிக்கறதுக்கு வந்து எடுங்கடி!"

"நாங்க உள்ள வரமாட்டமுங்க்கா! நீங்க எடுத்து வெளிய வீசுங்க!"

நான் நகரவில்லை. பருப்பின் மேல் சொட்டுச் சொட்டாக விழுகிறது. அப்போது பொன்னாத்தாள் கம்பியைப் பிடித்துக்கொண்டு, சத்தம் போடாமல், ஆனால் எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி கேட்டாள்.

"ஏனுங்க்கா, நீங்க உள்ள போயி எத்தன நாளாச்சு?"

மற்றவர்கள் நான் நின்ற நிலைப்படியைப் பார்த்தார்கள்.

"கடிச்ச அன்னீலருந்து நீங்க அந்தப் படியத் தாண்டல. சூடத்த எங்கிட்டக் குடுத்தீங்க. மேசைய வெளிய போட்டீங்க. வெல ஏறற நேரத்துல சரக்க வித்தீங்க. எல்லாம் பாத்துக்கிட்டுத்தான் இருந்தோம். எங்களப் பயந்தாங்கொள்ளின்னீங்களே, செரி. நாங்க பயந்தாங்கொள்ளிங்கதான். நீங்க போங்க, பாப்போம்."

என்னிடம் கூலி வாங்குகிறவள் பேசுகிற பேச்சா இது? பதிலடி கொடுக்க நாக்கு வரைக்கும் வந்தது. அதற்குள் தாழ்வாரத்திலிருந்து தத்தித் தத்தி மேனேஜர் வந்தான். கட்டுப் போட்ட காலை நெஞ்சோடு மடக்கிக்கொண்டு, என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், நிலைப்படியில் ஒரு குதி. உள்ளே போய்விட்டான். இருட்டில் அவனுடைய வெள்ளைக் கட்டு மட்டும் தெரிந்தது. அதுவும் மறைந்தது.

கட்டு அழுக்காகிவிடும். காலையில்தான் மாற்றியிருந்தேன். புண்ணில் தூசி பட்டால் இத்தனை நாள் பாடும் வீண். அதற்காகத்தான் உள்ளே போனேன்.

போனதும் கை தானாகத் தார்ப்பாய் மேல் விழுந்தது. இழுத்தேன். கனம் தாங்கவில்லை. மேனேஜர் என் காலுக்குப் பக்கத்தில் நின்று உறுமிக்கொண்டே இருந்தான்; எதைப் பார்த்து உறுமினான் என்று தெரியவில்லை, குனிந்து பார்க்கவும் இல்லை. மறுபடியும் இழுத்தேன். திடீரென்று கனம் பாதியாகிவிட்டது. மறுமுனையைப் பொன்னாத்தாள் பிடித்திருந்தாள். மூச்சு வாங்குகிறது, வெறுங்கால், புடவையைத் தூக்கிச் செருகியிருக்கிறாள்.

"இழுங்க்கா. என்ன பாத்துக்கிட்டு நிக்கறீங்க? மழ நிக்குமா நமக்கோசரம்?"

அவளுக்குப் பின்னால் மற்றவர்கள். ஒருத்தி குவிக்க, ஒருத்தி மூட, ஒருத்தி கல் வைக்க. வானம் பொத்துக்கொண்டு ஊற்றியபோது களத்தில் பருப்பு ஒன்றுகூட வெளியே தெரியவில்லை. ஓரத்தில் கொஞ்சம் நனைந்தது. போகட்டும்.

எல்லோரும் கிடங்குக்குள்ளேயே ஒண்டி நின்றோம். வேறு எங்கே போவது? யாரும் பாம்புப் பேச்சை எடுக்கவில்லை. நான் செருப்பைக் கழற்றாமலே உள்ளே வந்திருக்கிறேன் என்று அப்போதுதான் பார்த்தேன். இத்தனை வருஷத்தில் முதல் தடவை. லட்சுமி படத்தைப் பார்த்தேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை.

ஏப்ரல் 10, வியாழன்

காலையில் நல்ல வெயில். தார்ப்பாய்களை உதறிக் காயப்போட்டோம். இரண்டாவது பாயை விரித்தபோது மடிப்புக்குள்ளிருந்து பாம்புச் சட்டை விழுந்தது. முழுச் சட்டை, ஓர் ஆள் உயரம், படம் விரிகிற இடம்கூடத் தெரிகிறது. நேற்று இதைத்தான் கட்டிப்பிடித்து இழுத்திருக்கிறோம். பெண்கள் நாலடி பின்னால் போனார்கள். நானும் போனேன், வெயில் கண்ணில் அடித்தது.

இல்லை. பயந்துதான் போனேன். என் டைரியில் எனக்கென்ன வெட்கம்?

பொன்னாத்தாள் கையெடுத்துக் கும்பிடப் போனாள். அதற்குள் மேனேஜர் வந்தான். மூக்கை நீட்டி அந்தச் சட்டையைத் தலையிலிருந்து வால் வரைக்கும் மோந்தான். பிடரி மயிர் சிலிர்த்தது. அப்புறம் பக்கவாட்டில் திரும்பிப் பின்னங்காலைத் தூக்கினான்.

முன்னங்கால் ஒன்றை மடக்கிக்கொண்டு பின்னங்கால் ஒன்றையும் தூக்கினால் எந்த நாயும் நிற்க முடியாது. சாய்ந்தான். சுதாரித்துக்கொண்டு மறுபடியும் தூக்கினான். மறுபடியும் சாய்ந்தான். மூன்றாவது தடவை, நெஞ்சோடு மடக்கி வைத்திருந்த அந்த இடது முன்னங்காலை இறக்கினான். மெதுவாகத் தரையில் வைத்தான். ஊன்றினான். கால் நடுங்கியது. ஊன்றிய காலை எடுக்காமல், பின்னங்காலை உயரத் தூக்கி, அந்தச் சட்டையின் தலை மேல் பெய்தான். அவசரப்படவே இல்லை.

முதலில் சிரித்தது யார் என்று தெரியாது. நானாகத்தான் இருக்கும். பொன்னாத்தாள் கும்பிடத் தூக்கிய கையால் வாயைப் பொத்திக்கொண்டு, "அய்யோ பாவி, பாவி" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது அவளுக்கு. எனக்கும் வெயில்தான்.

டாக்டருக்குப் போன் போட்டு, ஊன்றிவிட்டான் என்றேன். "எப்படிம்மா ஊன வெச்சீங்க?" என்று கேட்டாள். "அவனே ஒரு காரியமா ஊனிக்கிட்டான்" என்றேன்.

சட்டையை ஒரு குச்சியால் எடுத்து அடுப்பில் போட்டேன். வேண்டாம், பாவம் என்று ஒருத்தி சொன்னாள். "உட்டுட்டுப் போனதத்தான எரிக்கறேன். வேணுமுன்னா வந்து கேக்கட்டும்" என்றேன்.

ஏப்ரல் 11, வெள்ளி

கேட்டோரம் இருந்த பூட்ஸ்கள் எல்லாம் காலுக்குப் போயாயிற்று. என்னுடையதையும் போட்டுக்கொண்டேன். இறுக்கமெல்லாம் இல்லை.

கிடங்கைத் திறந்தேன். மேனேஜர் முதலில் போனான், நாலு காலையும் ஊன்றி, கொஞ்சம் தாங்கித் தாங்கி. நான் பின்னாலேயே போய், பூட்ஸோடு நின்று சூடம் காட்டினேன். "லட்சுமிக்கு முன்னால பூட்ஸாக்கா?" என்று பின்னாலிருந்து ஒருத்தி கேட்டாள். "நான் உசிரோட இருந்தாத்தான் அவளுக்குச் சூடம்" என்றேன்.

சாயங்காலம் பொன்னாத்தாள் மடியிலிருந்து ஒரு முட்டையை எடுத்தாள். வெள்ளிக்கிழமை. நான் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். பின்சுவர்ப் பக்கம் ஒரு தரம் பார்த்தாள். பிறகு மேனேஜரின் தட்டில் உடைத்து ஊற்றிவிட்டு, உதட்டுக்குள் என்னமோ முணுமுணுத்தாள். வேண்டுதலா, வசவா தெரியவில்லை. கூலியில் பிடிக்கவில்லை.

ஏப்ரல் 18, வெள்ளி

எண்ணெய் மில்லுக்கு லோடு ஏற்றிக்கொண்டிருக்கும்போது கொழுந்தனார் போன் செய்தார். பெண்கள் வேலைக்குத் திரும்பியது அவர் காதுக்கு எட்டியிருக்கிறது.

"நங்கை, புத்துக் கோயல் விசயம் என்ன யோசிச்சீங்க? குறி சொன்னவரு மறுபடியும் கேட்டாரு."

"யோசிக்கறதுக்கு என்ன இருக்குது தம்பி? மேனேஜருக்குக் கால் செரியாயிருச்சு. டூட்டில சேந்துட்டாரு."

"அந்த எடத்த நா எடுத்துக்கறேன்னேனே, அது?"

"எடம் எனக்கே பத்தலைங்க. பக்கத்துத் தோப்புக்காரரக் கேட்டுக்கிட்டிருக்கேன்."

அவர் பேச்சை மாற்றினார்.

"செரி, இப்ப எங்க இருக்கீங்க? குரல் என்னமோ கெணத்துக்குள்ளருந்து வர்ற மாதிரி கேக்குது."

மூட்டைகளுக்கு நடுவில், பின்மூலையில், தார்ப்பாய் கிடந்த இடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். மேனேஜர் என் பூட்ஸ் மேல் தாடையை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தான். தோல் ஆறிய இடத்தில் முடி முளைக்கவில்லை. முளைக்காதாம்.

"குடோனுக்குள்ளதான் தம்பி இருக்கேன்" என்றேன். "இங்க சிக்னல் நல்லாவே கெடைக்குது."